பாவம் கார்புரேட்டர்

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில், பட்டுக்கடைக் கூட்டத்துக்கு நடுவே கார்புரேட்டர் காலத்து மாருதி 800 ஒன்று திக்கித் திணறினால், பார்க்கிறவர் எல்லாரும் ‘கார்புரேட்டரை மாத்து’ என்பார்கள். பாவம் அது. மிதித்ததும் வண்டி ஒரு கணம் தொய்ந்து, பிறகு குபீரென்று பாய்கிறதா? முதலில் பெட்ரோல் ஃபில்டர், பிளக். அடுத்து வேக்குவம் ஹோஸ். வெடித்த ஹோஸ் திருட்டுத்தனமாகக் காற்றை இழுக்கும், கலவையில் பெட்ரோல் குறையும். ஐடிலிங்கில் அந்த வெடிப்பை விரலால் அடைத்தால் எஞ்சின் சத்தமே மாறிவிடும். இப்போது பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் வேறு. பழைய பெட்ரோல் குழாய் ரப்பருக்கு அது ஆகாது, ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். எத்தனால் குறைந்த பெட்ரோலையும் கட்டுப்படியாகிற விலையில் பெட்ரோல் பங்க்குகளில் வைத்திருக்க வேண்டும். பழைய வண்டிக்காரரும் வரி கட்டுகிறவர்தான்.