பாதி கிட்டாருக்கு முழு விலையா?

“அப்பா, எனக்கு ஒரு செமி ஹாலோ கிட்டார் வேணும்” என்றான் மகன். காலேஜ் மூன்றாம் வருடம். நண்பர்களோடு சேர்ந்து சொந்தமாகப் பாட்டு கட்டுகிறான். வீட்டில் ஏற்கெனவே ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் இருக்கிறது.

“அப்படின்னா?”

“உள்ளே பாதி காலியா இருக்கும்பா.”

“பாதி கிட்டாருக்கு முழு விலை எதுக்குடா?”

அவன் சிரிக்கவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். கேட்டது நியாயமான கேள்விதானே என்று பதிலை நானே தேடிப் படித்தேன். உங்கள் வீட்டிலும் இந்தக் கேள்வி வரலாம் என்பதால் சொல்லிவிடுகிறேன்.

சாதாரண கிட்டாரின் வயிறு வெற்றிடம். கம்பியின் அதிர்வை மேல்பலகை வாங்கி, உள்ளிருக்கும் காற்றை அசைத்துச் சத்தத்தைப் பெரிதாக்குகிறது. நம் வீணையில் குடம் செய்கிற வேலை. ஆனால், 1930-களில் அமெரிக்க நடனக் கூடங்களில் டிரம்பெட், சாக்ஸபோன் கூட்டத்துக்கு நடுவே அந்தச் சத்தம் எடுபடவில்லை. அதனால் கம்பிகளுக்கு அடியில் காந்தமும் செப்புச் சுருளும் கொண்ட ‘பிக்கப்’பைப் பொருத்தி, ஆம்ப்ளிஃபயரில் சொருகினார்கள்.

அங்கேதான் வம்பு. ஸ்பீக்கரின் சத்தம் கிட்டாரின் வயிற்றை அதிரவைக்கும். அது கம்பியை அதிரவைக்கும். அந்த அதிர்வு மறுபடி ஸ்பீக்கருக்கே போகும். கல்யாண மண்டபத்தில் மைக் ‘கூ...’ என்று அலறுமே, அதே கதை. ப்ளூஸ் மேதை பி.பி.கிங் இதற்குப் பயந்து கிட்டாரின் துளைகளில் துணியை அடைத்து வாசித்தார் என்றால் பாருங்களேன்!

1940 வாக்கில் லெஸ் பால் என்ற கலைஞர், நாலுக்கு நாலு அங்குல மரக்கட்டை ஒன்றில் கம்பி கட்டி வாசித்துப் பார்த்தார். அலறல் இல்லை. பார்ப்பவர்களுக்குக் கிட்டார் மாதிரி தெரியவேண்டுமே என்று, ஒரு கிட்டாரை அறுத்து இரு பாதிகளையும் கட்டையின் இருபக்கமும் ஒட்டிக்கொண்டார். 1950-களில் முழுக்கட்டை கிட்டார்கள் கடைக்கு வந்தன. அலறல் போயிற்று. கூடவே அந்தக் காற்றோட்டமான நாதமும் குறைந்துபோயிற்று.

1958-ல் கிப்சன் நிறுவனம் இரண்டுக்கும் நடுவே ஒரு வழி கண்டது. அப்போது அதன் தலைவர் டெட் மெக்கார்ட்டி. இ.எஸ்.335 என்ற அந்தக் கிட்டாரின் நடுவில், மேலிருந்து கீழ்வரை மேப்பிள் கட்டை ஓடுகிறது. இரு பக்கமும் வெற்றிடம், வயலினில் இருப்பதுபோல வளைந்த துளைகள். கட்டை அலறலை அடக்குகிறது. வெற்றிடம் நாதத்தைத் தருகிறது. என் மகன் கேட்டது இந்த வம்சத்தைத்தான்.

சரி, இண்டி இசைக்காரர்கள் ஏன் இதை விரும்புகிறார்கள்? இண்டி என்பது ‘இன்டிபென்டன்ட்’ என்பதன் சுருக்கம். பெரிய கம்பெனிகளை நம்பியிராமல் சின்ன லேபிள்களில் பாட்டு வெளியிட்டவர்களால் வந்த பெயர். 1980-களில் ஹெவி மெட்டல் குழுக்கள் மின்னல் வேகத்தில் கிட்டாரை அலறவிட்டுக்கொண்டிருந்தபோது, இவர்கள் வேறு திசையில் போனார்கள். அமெரிக்காவின் ஏதென்ஸ் நகரத்து ஆர்.இ.எம். குழுவின் பீட்டர் பக், இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ‘தி ஸ்மித்ஸ்’ குழுவின் ஜானி மார் இருவரும் ரிக்கன்பேக்கர் என்ற இன்னொரு வகை செமி ஹாலோவை எடுத்தார்கள். ஒரு கார்டை மொத்தமாக அடிக்காமல் அதன் ஸ்வரங்களை ஒவ்வொன்றாக மீட்டினார்கள். பாடுகிறவரின் வார்த்தைக்குப் பின்னால் ஒவ்வொரு ஸ்வரமும் மணிபோலத் தனித்தனியாகக் கேட்கவேண்டும். அதற்கு இந்தக் கிட்டார் வாகாக அமைந்தது. மெதுவாக மீட்டினால் தெளிவு. கொஞ்சம் அழுத்தினால் லேசான கரகரப்பு. இரண்டும் விரலிலேயே இருக்கிறது.

1984-ல் நியூயார்க்கில் சயர் ரெக்கார்ட்ஸ் அதிபர் சீமோர் ஸ்டைன், ஒப்பந்தம் போட வந்த ஜானி மாருக்குச் சிவப்பு நிற கிப்சன் இ.எஸ்.355 ஒன்றை வாங்கிக் கொடுத்தார். ஹோட்டல் அறைக்குப் போனதும் மார் அதில் கட்டிய மெட்டு, ‘ஹெவன் நோஸ் ஐ’ம் மிஸரபிள் நவ்’ என்ற பாட்டானது. 2001-ல் ‘தி ஸ்ட்ரோக்ஸ்’ குழுவின் முதல் ஆல்பம் வந்தபோது நிக் வலென்ஸியின் கையில் இருந்ததும் எபிஃபோன் ரிவியரா என்ற செமி ஹாலோதான்.

குறை இல்லாமல் இல்லை. உருவம் பெரிது. சத்தத்தை மிக அதிகமாக வைத்தால் இதுவும் அலறும். முரட்டு மெட்டல் இசைக்கு இதைத் தேடிப் போகவேண்டாம். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். எபிஃபோன் கேசினோ பார்க்க அச்சு அசல் இதேபோல இருக்கும், ஆனால் நடுவில் கட்டை கிடையாது, முழு வெற்றிடம். கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். கடையில் ஆம்ப்பில் சொருகுவதற்கு முன் வெறுமனே ஒருமுறை மீட்டச் சொல்லுங்கள்.

அந்த ‘வெறுமனே’தான் என் கேள்விக்குப் பதிலாக வந்தது.

மகன் டியூஷன் எடுத்துச் சேர்த்த பணம் பாதி, என் பணம் பாதி. ஒருவர் வாசித்துவிட்டு விற்ற செமி ஹாலோ ஒன்று வீட்டுக்கு வந்தது. பழைய கிட்டார் முழுக்கட்டை. ஆம்ப் போட்டால் பக்கத்து வீட்டில் முகம் சுளிப்பார்கள் என்று இரண்டு வருடமாக ஹெட்போனிலேயே வாசித்தான். எங்களுக்குக் கேட்டதெல்லாம் கம்பியைச் சுரண்டுகிற ‘டிக் டிக்’தான். அவன் என்ன வாசிக்கிறான் என்று எனக்கோ அவன் அம்மாவுக்கோ தெரியாது. அந்த ஹெட்போனைத் தாண்டி நாங்களும் பேச்சுக் கொடுத்ததில்லை.

புதிது வந்த அன்று இரவு, எதிலும் சொருகாமல் வாசித்தான். அக்கூஸ்டிக் கிட்டார் அளவுக்குச் சத்தம் இல்லை. ஆனால், கதவிடுக்கு வழியாக ஹாலுக்கு வர அது போதும். என் மனைவி டி.வி.யை நிறுத்திவிட்டாள். ஒரே இடத்தில் மூன்று முறை தடுக்கினான். நான்காவது முறை தாண்டிவிட்டான்.

காலையில் காபி குடிக்கும்போது, “அந்த ஒரு இடம் ரொம்பக் கஷ்டமாடா?” என்று கேட்டேன்.

டம்ளரோடு நிமிர்ந்து பார்த்தான். “உங்களுக்குக் கேட்டுச்சாப்பா?”

“பாதி கேட்டுச்சு” என்றேன்.

அன்று இரவு அவன் கதவைச் சாத்தவில்லை.