பனியின் தலையில் விழும் பழி

மார்கழி பிறந்து, மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் மல்லிகை கிலோ ஆயிரக்கணக்கில் ஏறியவுடனே, 'பனி விழுந்துவிட்டது, செடி பூக்காது, மனுஷன் என்ன செய்வான்?' என்று விற்பவரும் வாங்குபவரும் ஏகமனதாகத் தீர்ப்புக் கூறிவிடுவது மதுரையில் வருஷந்தோறும் நடக்கும் சம்பிரதாயம். இந்த அபிப்பிராயத்தில் உண்மையே இல்லை என்று வாதாட நான் வரவில்லை; முழுப் பழியும் பனியையே சேர்வது நியாயமன்று என்பதே என் கட்சி.

குளிர் செடியைக் கொன்றுவிடுகிறது என்பது முதல் கூற்று. மதுரைச் சமவெளியில் தை மாதத்து விடியற்காலையிலும் வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கிறது. அதில் மொட்டுப் பருப்பது தாமதிக்கும், விளைச்சல் சுருங்கும்; செடி சாகாது. மெய்யான குளிர் எதுவென்று அறிய விரும்புவோர் ஜம்முவின் பதர்வா மலைப்பகுதிக்குச் செல்லலாம். அங்கே உறைபனியைத் தாங்கிக் கிடந்த லாவெண்டர், ஜூன், ஜூலையில் வயல் நிறையப் பூக்கிறது. உஷ்ண தேசத்துப் பிறவியான மல்லிகைக்கு அந்தத் திடம் கிடையாதுதான். ஆனால் அத்தகைய சோதனை அதற்கு இங்கே நேர்வதுமில்லை.

பனி பட்டு மொட்டுக் கருகுகிறது என்பது அடுத்தது. அடி பருத்து, ஊதா படிந்து, விரியாமலே உதிரும் மொட்டு ஒன்றைக் கீறிப் பார்த்தால், உள்ளே கண்ணுக்கு அரிதான ஓர் ஈயின் புழு நெளிவதைப் பல சமயம் காணலாம். மருந்தடிக்க வேண்டிய இடத்தில் வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவது என்ன பரிகாரமோ!

யாரும் வாய் திறவாத காரணம் ஒன்று உண்டு. நவம்பர் கடைசியில் தோட்டக்காரரே செடியை முழங்கால் உயரத்துக்குக் கவாத்து செய்து, இலையையும் உருவி, வெறுங்குச்சியாக நிறுத்திவிடுகிறார். புதுத் துளிரின் நுனியில்தான் மல்லிகை பூக்குமாதலால், அக்குச்சி மறுபடி தழைத்து மொட்டு விட மாசி, பங்குனி ஆகிவிடுகிறது. கோடையின் பெருவிளைச்சலை உத்தேசித்துச் செய்யும் இவ்வேலையை நான் குறை கூறமாட்டேன். ஆயினும் மார்கழிப் பஞ்சத்தில் ஒரு பங்கு கத்திரியின் உபயம் என்பதை மறைப்பானேன்? தோட்டத்தில் ஒரு பகுதியையாவது செப்டம்பர் இறுதியிலேயே வெட்டி, நீரும் உரமும் குறையாமல் பேணினால், வருஷ முடிவில் கொஞ்சமேனும் பூப் பறிக்க வழியுண்டு.

விலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: பொங்கலும் தை முகூர்த்தங்களும் அடுத்தடுத்து வருகையில், வரத்துக் குறைந்த எச்சரக்கும் ஏறத்தான் செய்யும். அதே சந்தையில் அருகிலேயே காக்கட்டான் குவிந்திருக்கும். 'மணமில்லையே' என்று அதைத் தள்ளிவிட்டு, குண்டுமல்லிக்குக் கேட்ட விலையைக் கொடுப்பவர்கள் நாம்தானே?