பிரயோகம் மேற்கொள்ளப்பட்டது

கொச்சிக்கடைத் தோட்டங்களில் விடியற்காலைக் குழாயடியில் காதில் விழும் சொல் ‘போர்ஸ்’. தண்ணி போர்ஸாக வருகிறதா, மேல்மாடித் தாங்கிக்கு ஏறுமா என்பது வாளியோடு நிற்கிறவர்களின் கவலை. வெயில் ஏறியதும் அதே சொல் புடவைக்கடைக்குப் போய்விடும்: “நான் போர்ஸ் பண்ணல்ல அக்கா, பிடிச்சா எடுங்க.” சீருடை போட்ட பையன் ‘போர்ஸில’ இருக்கிறான். ஆங்கிலத்தில் ஒரு சட்டம் நடைமுறையில் இருப்பதற்கும் இதே சொல்தான்.

எழுத உட்கார்ந்ததும் நாம் இதைப் பிரித்துவிடுகிறோம். பௌதிகப் புத்தகத்தில் விசை, முகாமில் படை, நீதிமன்றத்தில் பலாத்காரம், வர்த்தமானியில் அமுல். மொழியின் செல்வம் என்று இதைப் பெருமையாகச் சொல்லலாம். ஆனால் பிரித்து வைத்த சொற்கள் ஒன்றையொன்று அடையாளம் காண மறந்துவிடுகின்றன. 1980களின் தொடக்கத்தில் பொலிஸுக்குள் உருவான கொமாண்டோப் பிரிவின் ஆங்கிலப் பெயரிலும், 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென ஜனாதிபதி நியமித்த குழுவின் ஆங்கிலப் பெயரிலும் இருப்பது ஒரே ‘டாஸ்க் போர்ஸ்’. தமிழில் முன்னது விசேட அதிரடிப்படை, பின்னது ஜனாதிபதி செயலணி. இரண்டாவதன் தலைவர் பாதுகாப்புச் செயலாளர். நியமிக்கப்பட்டபோது தமிழரோ முஸ்லிமோ ஒருவர்கூட அதில் இல்லை. ‘செயலணி’ என்று வாசித்த தமிழருக்கு ஏதோ விளையாட்டுக் கழகம்போலத்தான் பட்டிருக்கும்.

சிங்களம் இந்த உறவை மறைப்பதில்லை. அதிரடிப்படை அங்கே ‘பலகாய’, கட்டாயம் ‘பலஹத்கார’, சட்டம் நடைமுறையில் இருப்பது ‘பலாத்மக’. எல்லாவற்றிலும் ‘பல’ நிற்கிறது. நம்மிடமும் அப்படி ஒரு வேர் உண்டு. பழைய சட்டத் தமிழில் ஒரு சட்டம் ‘வலுவுக்கு’ வரும். அமைச்சின் பெயர்ப்பலகையில் ‘மின்வலு’ இருந்திருக்கிறது. ஒருவரை இழுத்துப்போனால் ‘வலுக்கட்டாயம்’. யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரைப் புகழ வேண்டுமென்றாலும் ‘வலு கெட்டிக்காரன்’. 1979இல் மூன்று ஆண்டுகளுக்கென்று வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம், 1982இல் அந்த வரையறை நீக்கப்பட்டு, பெயரில் ‘தற்காலிக ஏற்பாடுகள்’ என்பதைச் சுமந்தபடியே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வலுவில் இருந்திருக்கிறது. அமுலில் இருக்கிறது என்றால் அலுவலகக் காரியம். வலுவில் இருக்கிறது என்றால், யார்மேல் என்று கேட்கத் தோன்றுகிறது.

கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

சட்டம் ‘போர்ஸ்’ என்பதை எப்படிப் பார்க்கிறது? இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். கோவையின் மூலம் மெக்காலே இந்தியாவுக்காக வரைந்தது. இலங்கைக் கோவையின் 340ஆம் பிரிவின்படி, ஒருவர் இன்னொருவரை அசையச் செய்தால், அசைவின் போக்கை மாற்றினால், அசைவை நிறுத்தினால், அது பலப் பிரயோகம். சொந்த உடல் வலுவால் செய்யலாம். ஒரு பொருளை நகரும்படி வைத்துச் செய்யலாம். ஒரு விலங்கை ஏவியும் செய்யலாம். ஓடுகிற பல்லக்கின் தண்டைப் பிடித்து நிறுத்துவது இந்தியக் கோவை தரும் உதாரணங்களில் ஒன்று. பதினொராம் வகுப்புப் பிள்ளை வாசித்தால் நியூட்டனின் முதலாம் விதி என்றுதான் சொல்லும். இரண்டிலும் அடிப்படை ஒன்று: நிலை மாறினால், மாற்றிய விசை ஒன்று இருக்கிறது.

இதை வைத்துக்கொண்டு 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலைக்கு வருவோம். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பக்கத்து லொட்ஜுகளைப் பொலிஸார் தட்டினார்கள். கடவுச்சீட்டுக்கு வந்தவர்கள், ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், வெளிநாட்டுப் பயணத்துக்குக் காத்திருந்தவர்கள், வேலை தேடி வந்தவர்கள். கொழும்பில் தங்கத் தகுந்த காரணம் இல்லை என்றார்கள். மூட்டை கட்டக் கிடைத்தது அரைமணி நேரம், சிலருக்கு அதுவும் இல்லை. 376 பேர் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. மறுநாளே இடைக்காலத் தடை வந்தது. சில நாட்களில் பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார்.

அதற்கிடையில் அரச தரப்பிலிருந்து வந்த விளக்கம் ஒன்றையும் இங்கே நினைவூட்ட வேண்டும்: போனவர்கள் விரும்பித்தான் போனார்கள். 340ஆம் பிரிவை மட்டும் கையில் வைத்திருக்கும் சட்டத்தரணி இதற்கு வாதாடவும் முடியும். யாரும் தூக்கிப் போடவில்லை. தண்டைப் பிடித்து நிறுத்தவில்லை. அவரவர் கால்தான் பஸ்ஸின் மிதிபலகையில் ஏறியது. துவக்கோடு நிற்கும் மனிதரின் முன்னால் ஒரு கால் ஏன் தானாக ஏறுகிறது என்பது மெக்காலேயின் அசைவுக் கணக்குக்குள் வராது. அதற்கு அச்சுறுத்தல் என்று வேறு பிரிவு தேட வேண்டும். ‘வலுக்கட்டாயம்’ என்ற நம் சொல் இங்கே கோவையைவிட விசாலமானது. தொடாமலே தள்ளலாம் என்பது அதற்குத் தெரியும்.

இந்தத் தெளிவு நம் மொழியில் எங்கிருந்து வந்தது என்றால், தாய்மாரிடமிருந்து. பல காலம் ‘காணாமல் போனோர்’ என்றே எழுதிக்கொண்டிருந்தோம். சாவி காணாமல் போகும், குடை காணாமல் போகும். 2008, 2009இல் கொழும்பிலும் சுற்றுவட்டாரத்திலும் கடத்தப்பட்ட 11 பேர் அப்படிப் போகவில்லை. அந்த வழக்கில் குற்றப்பத்திரம் பெற்றவர்கள் கடற்படையினர். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தொடர்போராட்டம் தொடங்கிய தாய்மார் கையில் பிடித்த சொல் ‘வலிந்து காணாமலாக்கப்பட்டோர்’. நீளமான சொல்தான், பதாகையில் இடம் பிடிக்கும். ஆனால் ‘போனோர்’ என்ற சொல்லிடம் ‘யார் செய்தது?’ என்று கேட்க முடியாது. ‘ஆக்கப்பட்டோர்’ சொல்லாவிட்டாலும், செய்தவனுக்கென ஒரு வெற்று இடத்தை விட்டுவைக்கிறது. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த அலுவலகத்தின் தமிழ்ப் பெயரில் இன்னும் ‘போன’ என்றுதான் இருக்கிறது.

நம் நாளிதழ்கள் இந்தப் பாடத்தைப் படிக்கவில்லை. 2022இன் பக்கங்களைப் புரட்டினால் கண்ணீர்ப்புகைப் பிரயோகம், நீர்த்தாரைப் பிரயோகம், தடியடிப் பிரயோகம் எல்லாம் ‘மேற்கொள்ளப்பட்டன’. எய்தவர் இல்லை, அம்பு மட்டும் பறக்கிறது. நிருபர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. பொலிஸ் ஊடக அறிக்கையின் வாக்கியம் அப்படியே அச்சுக்குப் போகிறது. அந்த வாக்கியத்தில் அடிபட்டவர் இருக்கிறார், அடி இருக்கிறது, எத்தனை மணிக்கு என்பதும் இருக்கிறது. எழுவாய் மட்டும் விடுப்பில்.

அரசாங்கத்துக்கு மட்டும் இந்த அளவுகோல் என்றால் அது நேர்மையாகாது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் அனைவரும் அனுப்பப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், பெரும்பகுதியினர் புத்தளத்தில் போய் இறங்கினார்கள். தமிழ் எழுத்து அதை நெடுங்காலம் ‘இடம்பெயர்வு’ என்றது. கொஞ்சம் துணிந்தவர்கள் ‘வெளியேற்றப்பட்டனர்’ என்றார்கள். புலிகள் வெளியேற்றினார்கள் என்ற இரண்டு சொல் வாக்கியம் நம்மில் பலருக்குப் பேனாவிலிருந்து இறங்கச் சிரமப்பட்டது. 2007இல் லொட்ஜ் வாசலில் நின்ற பஸ்ஸைப் பற்றி நமக்கு என்ன கோபம் வந்ததோ, அந்தக் கோபத்துக்கு 1990இலேயே உரிமை பெற்றவர்கள் புத்தளத்து முகாம்களில் இருந்தார்கள்.

ஆகவே இந்த இதழுக்கு ஒரு நடைமுறை. கதையானாலும் கட்டுரையானாலும் மொழிபெயர்ப்பானாலும், ஒருவர்மீது வலு பாவிக்கப்பட்டதாக எழுதும் இடத்தில், பாவித்தவர் யார் என்பது வாக்கியத்தில் இருக்க வேண்டும். தெரியாவிட்டால் ‘யாரென்று தெரியவில்லை’ என்று எழுதுங்கள். அதுவும் ஒரு தகவல். ‘பிரயோகம் மேற்கொள்ளப்பட்டது’ என்று வரும் பிரதிகளை எழுதியவருக்கே திருப்பி அனுப்புவோம். புகழ்பெற்ற பெயர், பழகிய நண்பர் என்ற விலக்கு கிடையாது. நம் பக்கத்து ஆட்கள் செய்த காரியத்தைப் பற்றிய பிரதியென்றால் இன்னொரு தடவை கூடுதலாக வாசிப்போம். எழுவாய் நழுவுவது பெரும்பாலும் அங்கேதான்.