சாப்பிட்டா 10 ரூபாய், படிச்சா 20 ரூபாயா?

1/ போன வாரம் ஏழு வயசுப் பையன் ஒருத்தனுக்கு ஊசி போடணும். கையை நீட்டுறதுக்கு முன்னாடி அம்மாகிட்ட கேட்டான்: "எவ்ளோ தருவ?" அம்மாவுக்கு ஒரே பெருமை. "இப்பவே காசோட அருமை தெரியுது பாருங்க டாக்டர்!"

அவன் கத்துக்கிட்டது பேரம்ங்க.

2/ சாப்பிட்டா 10, ஹோம்வொர்க் முடிச்சா 20. கேட்டா, "உழைச்சாதான் காசுன்னு தெரியட்டும்"ங்கிறீங்க. சோறு சாப்பிடுறது உழைப்பா? யாருக்காக சாப்பிடுறான்?

3/ 1973-ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு இது. படம் வரைவதில் ஆசையுள்ள நர்சரிக் குழந்தைகளில் ஒரு குழுவிடம் "வரைந்தால் பரிசு" என்று முன்பே சொல்லிக் கொடுத்தார்கள். பிறகு தானாக வரையும் நேரத்தைப் பார்த்தால், பரிசே வாங்காத குழந்தைகளைவிட இவர்கள் வரைந்தது ஏறக்குறைய பாதி நேரம்தான். இருந்த ஆசையையும் பரிசு தின்னுடுச்சு.

4/ "அப்போ காசைப் பத்தியே பேசக் கூடாதா?" தாராளமா பேசுங்க. சம்பளம் வந்த அன்னைக்குப் பக்கத்துல உட்கார வச்சு வாடகை, அரிசி, கரண்ட் பில்னு பிரிச்சுக் காட்டுங்க. தட்டு கழுவ, துணி மடிக்கக் காசு தராதீங்க. அது வீட்டுல எல்லாருக்கும் உள்ள பங்கு, பையனுக்கும்தான். பழைய பேப்பரை அடுக்கிக் கட்டி எடைக்குப் போட்டானா, அந்தக் காசு அவனுக்கு. அதுல 30 ரூபாய்க்கு உடைஞ்ச பொம்மை வாங்கி ஏமாந்தாலும் பரவாயில்ல, விலை கம்மியான பாடம்.

5/ அதுக்காக லீவுல ஹோட்டல் வேலைக்கு அனுப்பாதீங்க. எண்ணெய் கொட்டி வெந்த கையோட வந்த 12 வயசுப் பையனுக்குக் கட்டுப் போட்டவன் சொல்றேன். 2016 திருத்தத்துக்குப் பிறகு 14 வயதுக்கு உட்பட்டவரை அப்படி வேலைக்கு வைத்தால் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை. பள்ளி நேரம் போக சொந்தக் குடும்பத் தொழிலில் ஆபத்தில்லாத உதவி செய்யலாம். வேற எங்கயாவது சின்னப் பிள்ளைங்க வேலை செய்றதைப் பார்த்தா 1098-க்குக் கூப்பிடுங்க.

6/ ஊசி போட்ட அப்புறம் அந்தப் பையன் கேட்டான்: "உங்களுக்கு யாரு காசு தருவா?"
"உங்கம்மாதான்."
"அம்மாவுக்கு?"

அவங்க துணிக்கடையில வேலை பார்க்கிறாங்க. நாள் பூரா நின்னுக்கிட்டே. அதை அன்னைக்குத்தான் அவன்கிட்ட முதல் தடவையா சொன்னாங்க. பையன் குனிஞ்சு அம்மா காலைப் பார்த்தான். அதுக்கப்புறம் காசு கேட்கவே இல்ல.