கோட்டை மலைகளுக்கு ஒரு வழிப் பலகை

மதிப்பிற்குரிய கிருஷ்ணகிரி மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,

குருபரப்பள்ளி சிப்காட்டிலும் சூளகிரி, ஓசூர் ஆலைகளிலும் ஷிப்ட் பார்க்கும் குடும்பங்களுக்கு விடுமுறை என்றால் கே.ஆர்.பி. அணைப் பூங்கா, அதை விட்டால் பெங்களூரு மால். திரும்பிய பக்கமெல்லாம் மலை இருக்கும் மாவட்டத்தில் இது விசித்திரம்தான். மலை நடை இங்கே ஒன்று முன்பதிவு செய்து போகும் காட்டுப் பயணம், அல்லது யாரையும் கேட்காமல் இளைஞர்கள் ஏறும் விபரீதம். இடையில் குடும்பத்தோடு அரை நாளில் நடந்து திரும்பும் பாதை வேண்டும். அதற்குப் புதிதாக மலை வெட்ட வேண்டியதில்லை. கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை ஆகிய இரு கோட்டை மலைகளும் அதற்கென்றே அமைந்தவை போல நிற்கின்றன.

2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் மூண்ட காட்டுத் தீ 23 உயிர்களைக் கொண்டுபோனது. அதன் பிறகே மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ 14 மாவட்டங்களில் 40 பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து, வழிகாட்டியோடு திறந்தது. நம் குத்திராயன் சிகரமும் அதில் உண்டு. பழகிய கால்களுக்கு அது போதும். அந்தக் கட்டுப்பாட்டில் ஒரு முடிச்சைக்கூடத் தளர்த்த வேண்டாம். ஆனால் ஆறு வயதுப் பிள்ளையையும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு ஆளுக்குக் கட்டணம் கட்டி அடர்காட்டுக்குள் போவது எல்லாருக்கும் ஆகிற காரியமல்ல. ராயக்கோட்டைக்கோ ரயிலிலேயே வரலாம். பாராமகால் என்ற இந்தச் சமவெளியிலிருந்து மைசூர் மேட்டுநிலத்துக்கு ஏறும் கணவாயைக் காத்த கோட்டை அது. 1791-ல் ஆங்கிலேய மேஜர் கௌடியின் படை அதைப் பிடித்தது. ஏறுகிறவர் பார்ப்பதற்கு மேலே காட்சி மட்டுமல்ல, வரலாறும் இருக்கிறது.

குறை எங்கே என்றால், ஏறத் தொடங்கும் இடத்தில். எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம், போய்வர எத்தனை மணி நேரம், கடைசியாகத் தண்ணீர் எங்கே கிடைக்கும், எத்தனை மணிக்குள் இறங்க வேண்டும் என்ற ஐந்து விவரமும் அடிவாரப் பலகையில் தமிழ், கன்னடம், இந்தி மூன்றிலும் இருக்க வேண்டும். ஆலைகளில் பாதிப் பேச்சு இந்தியில்தான் நடக்கிறது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. கருங்கல் பாறை வெயில் ஏறியதும் அனல் கக்கும். மழைக்குப் பின் பாசி பிடித்துக் காலை வாரிவிடும். எந்த இடத்தோடு குழந்தைகள் திரும்பிவிட வேண்டும் என்று பாறையிலேயே ஓர் அடையாளம் இருந்தால் பல விபத்துகள் நேராது.

யானை வருமே என்பார்கள். உண்மைதான், மழைக்காலம் முடியும் தறுவாயில் பன்னேர்கட்டாவிலிருந்து வரும் கூட்டங்கள் ராகிக் கொல்லைகளைத் தேடி ஓசூர்க் காடுகளைத் தாண்டியும் வருகின்றன. எனவே வனச்சரகர் வேண்டாம் என்ற நாளில் பாதை மூடப்படட்டும், மறுபேச்சு வேண்டாம். இரண்டு கோட்டைகளும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் 100 மீட்டருக்குள் கட்டடம் எழுப்ப முடியாது என்பது அடுத்த தடை. கழிப்பறையையும் வண்டி நிறுத்தத்தையும் அந்த எல்லைக்கு வெளியே, ஊரை ஒட்டி வைத்தால் அந்தத் தடையோடு மோத வேண்டாம். மலை மேல் சிமென்ட் கேட்கவும் இல்லை. குப்பையும் குடியும் பெருகும் என்ற அச்சம்தான் வலுவானது. நீலகிரியில் 2022-ல் மதுப் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலியைத் திருப்பித் தந்தால் பணம் தரும் முறை வந்தது. அதையே தண்ணீர்ப் பாட்டிலுக்கு அடிவாரத்தில் வைக்கலாம். குடிகாரர்களை விரட்டக் காவலரைவிட, கைப்பிள்ளையோடு ஏறும் நாலு குடும்பம் நன்றாக உதவும் என்பது என் கணிப்பு.

இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்கச் சொல்லவில்லை. ராயக்கோட்டையை மட்டும் ஓராண்டு நடத்திப் பாருங்கள். தொல்லியல் துறை, வனத்துறை, ஊராட்சி மூன்றையும் ஒரே மேசையில் உட்காரவைக்கும் அதிகாரம் மாவட்டத்தில் தங்களுக்கு மட்டுமே இருக்கிறது. அந்தக் கூட்டத்துக்கு ஒரு தேதி குறிக்க வேண்டுகிறேன்.