பெட்டி கட்டுமுன்: வெயில் நமக்குப் புதுசா?

சூலூர் அத்தைக்கு முதல் விமானப் பிரயாணம். சிங்கப்பூரில் இருக்கும் மகளுக்குத் தலைப் பிரசவம். கூட இருந்து பக்குவம் பார்க்கப் போகிறார். வழியனுப்பப் போனேன். கூடம் முழுக்க டப்பாக்கள்!

"அத்தை, அந்த ஊர் உஷ்ணத்துக்கு என்ன ஏற்பாடு?" என்று கேட்டேன்.

"போ கண்ணு! சித்திரை வெயில்லே வளந்தவ நான். அங்கே தமிழ் பேசறவங்களும் இருக்கறாங்களாமா. எல்லாம் நம்ம ஊரு மாதிரிதான்" என்று சிரித்தார்.

சகோதரிகளே, இந்த 'நம்ம ஊரு மாதிரிதான்' என்ற எண்ணம்தான் பிரயாணத்தில் முதல் தொல்லை!

சூலூர் வெயில் வறண்ட வெயில். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வியர்வையை உடனே ஆற்றிவிடும். சிங்கப்பூரோ பூமத்திய ரேகைக்குச் சுமார் 140 கிலோமீட்டர் வடக்கே, கடல் சூழ்ந்த தீவு. பகல் உஷ்ணம் பெரும்பாலும் 31, 32 டிகிரிதான். ஆனால் காற்றிலே ஈரம் மிகுதி. வியர்வை காயாது, உடம்பு ஆறாது. ஆகவே தாகம் எடுக்கும்வரை காத்திராமல் தண்ணீர் குடியுங்கள். வெளி வேலைகளைக் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

கெட்டியான கைத்தறிச் சேலை இங்கே ஒரு மணியில் மொடமொடவென்று காயும். அங்கே மறுநாளும் ஈர வாடை வீசும். மெல்லிய வாயில் சேலைகளே உத்தமம். அப்பளமும் வடகமும் காற்றுப் புகாத டப்பாவில் இருக்கட்டும். ஆண்டு முழுவதும் மழை உண்டு. பிற்பகலில் திடீரென்று இடியோடு கொட்டும். குடை கைப்பையில் இருக்க வேண்டும். கடைகளிலும் ரயிலிலும் ஏர்கண்டிஷன் குளிர் நடுக்கும். ஒரு சால்வையும் வேண்டும்.

அங்கே டெங்கு உண்டு. அந்தக் கொசு பகலில் கடிக்கும். பூந்தொட்டித் தட்டிலும் வாளியிலும் தண்ணீர் தேங்க விடாதீர்கள். அதிகாரிகள் வீட்டுக்குள் வந்து சோதிப்பார்கள்; கொசுப் புழு இருந்தால் அபராதம்!

இனி டப்பாக்களுக்கு வருவோம். "இது என்ன அத்தை?" என்று ஒன்றைத் திறந்தேன். குருமா மசாலா, கசகசா சேர்த்து அரைத்தது. பக்கத்திலே கால் கிலோ கசகசா தனிப் பொட்டலம்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிங்கப்பூரில் கசகசா தடை செய்யப்பட்ட பொருள். அபினிச் செடியின் விதையல்லவா? அதில் மார்பினின் சுவடு இருக்கக்கூடும். போதைப்பொருள் சட்டம் அங்கே மிகக் கடுமை. துபாய்க்குப் போகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை.

அத்தையின் முகம் வாடிவிட்டது. "கசகசா இல்லாம என்ன குருமா?" என்றார். முந்திரியோ பொட்டுக்கடலையோ அரைத்து ஊற்றினால் அதே கெட்டி வரும் என்று சமாதானம் சொன்னேன்.

மருந்துகளிலும் ஜாக்கிரதை தேவை. மாத்திரைகளைக் கொட்டி ஒரே டப்பாவில் அடைக்காதீர்கள். அட்டையோடும் டாக்டர் சீட்டோடும் கொண்டுபோங்கள். சில தூக்க மாத்திரைகளுக்கும், கோடீன் கலந்த இருமல் மருந்துக்கும் முன்கூட்டியே அந்த நாட்டு அனுமதி பெற வேண்டும். மெல்லும் புகையிலைக்குத் தடை. 1992 முதல் சூயிங்கம் இறக்குமதிக்கும் தடை. யாராவது, "இந்தப் பொட்டலத்தை எங்க பையன் கிட்டே கொடுத்திடுங்க" என்று நீட்டினால், உள்ளே இருப்பதைப் பார்க்காமல் வாங்கவே வாங்காதீர்கள். சோதனையில் அது உங்கள் பொட்டலம்தான்.

விசா தவிர, வருகை அட்டை என்று ஒன்று உண்டு. போய்ச் சேருவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் சிங்கப்பூர் அரசாங்கத்தின் இணையதளத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்டால் அது வேறு யாரோ! போனதும் கடிகாரத்தை இரண்டரை மணி முன்னே தள்ளிவையுங்கள்.

கறிவேப்பிலை, முருங்கைக்காய் என்று சுமக்க வேண்டாம். சிராங்கூன் ரோடு, தேக்காச் சந்தைப் பக்கம் எல்லாம் கிடைக்கும். தமிழ் அங்கே ஆட்சி மொழிகளில் ஒன்று. வழி கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

போன வாரம் அத்தை டெலிபோன் செய்தார். பேத்தி பிறந்திருக்கிறாள். தாயும் சேயும் சௌக்கியம்.

"ஊர் எப்படி அத்தை?" என்றேன்.

"எல்லாம் சரிதான் கண்ணு. நேத்துத் தோச்ச சேலைதான் இன்னும் காயலே!"

அந்த மசாலா டப்பா? அது என் வீட்டில் பாதி காலி!