பாசறைச் சோறு

மாணவர்கள் ஊருக்கு வெளியே பாசறை அமைத்து இரண்டு மூன்று நாள் தங்கும்போது அவர்களுக்குச் சமைக்க வேண்டியவர் யார்? 'கூலிக்கு ஒரு சமையற்காரரை அமர்த்திக்கொண்டால் தொல்லை இல்லை. சிறுவர்க்கு நேரமும் மிச்சமாகும்' என்பர் சிலர். நான் இதற்கு உடன்படேன். பிறர் ஆக்கி வைத்ததை வரிசையில் நின்று வாங்கி உண்ணுவதற்குப் பாசறை எதற்கு? அதற்குப் பள்ளிக்கூடத்துத் தாழ்வாரமே போதும்.

சாரணர் இயக்கத்தைத் தோற்றுவித்த பேடன் பவல், 1907-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரௌன்சீ தீவில் ஏறத்தாழ இருபது சிறுவரைக் கொண்டு தம் முதற் பாசறையை நடத்தினார். இரவுதோறும் ஓர் அணி மாவும் உருளைக்கிழங்கும் பிறவும் பெற்றுக்கொண்டு தனியிடம் செல்லும்; தன் உணவைத் தானே சமைத்து உண்டு, அங்கேயே தங்கும். அச்சிறுவருள் செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் இருந்தனர். உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளும் இருந்தனர். அடுப்பின் முன் அனைவரும் ஒரே அணியினர்.

நம் நாட்டில் இச்செய்திக்கு மேலும் ஒரு பொருள் உண்டு. வ. வே. சு. ஐயர் சேரன்மாதேவியில் நடத்திய குருகுலத்தில் சில மாணவர்க்கு மட்டும் தனிப் பந்தி இடப்பட்டது. 1920-களில் அது தமிழகம் எங்கும் பெரும் கிளர்ச்சியை எழுப்பிற்று. ஈரோட்டுப் பெரியாரும் சேலம் வரதராசுலு நாயுடுவும் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். உடன் உண்ணுதலைப் பற்றிய அவ்வழக்கை இன்று ஏட்டில் படிக்கிறோம். ஒருவர் அரிசி களைய, ஒருவர் வெங்காயம் உரிக்க, ஒருவர் தீ எரிக்க, ஒரே பானையில் வெந்த சோற்றைப் பத்துப் பேர் பகிர்ந்து உண்ணும்போது அப்பாடம் ஏட்டை விட்டு வெளியே வருகிறது. அடுக்களை பெண்களுக்கே உரியது என்று எண்ணி வளர்ந்த சிறுவனும் அங்கே அகப்பையை எடுத்தே ஆக வேண்டும். (திருமண வீட்டில் பெரிய அண்டாவைக் கிளறுவோர் ஆண்களே என்பதை அவன் ஏனோ மறந்துவிடுகிறான்!)

அப்படியானால் எதைச் சமைப்பது? கொங்கு நாட்டார் இதற்காக எங்கும் தேடிப் போக வேண்டுவதில்லை. நம் வீடுகளில் வழங்கும் அரிசிம்பருப்புச் சோறு பாசறைக்கென்றே அமைந்தது போன்றது. பானை ஒன்று போதும். குழம்பும் பொரியலும் வேண்டா. அரிசி, துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, வரமிளகாய், சீரகம், கடலையெண்ணெய் ஆகியவை மூன்று நாள் மூட்டையில் கிடந்தாலும் கெடுவதில்லை. பத்து மாணவர்க்கு ஒன்றேகால் கிலோ அரிசியும் 400 கிராம் பருப்பும் போதும். பருப்பை ஒரு மணி நேரம் முன்னதாக ஊறவைத்தல் வேண்டும். எண்ணெய் காய்ந்ததும் தாளித்து, வெங்காயமும் தக்காளியும் வதங்கிய பின், அரிசியும் பருப்பும் சேர்ந்த அளவைப்போல் மூன்று பங்கு நீர் ஊற்றி, மஞ்சளும் உப்பும் இடுக. நீர் கொதித்ததும் முதலில் பருப்பு. அது பாதி வெந்த பின்னரே அரிசி. நீர் வற்றிச் சோற்றின் மட்டத்திற்கு வந்ததும் எரியும் விறகை வெளியே இழுத்துவிட்டு, மூடியிட்டுத் தணலில் புழுங்கவிடுதல் வேண்டும். இத்தருணத்தில் பொறுமையிழந்து மூடியைத் திறந்து திறந்து பார்ப்பவரால்தான் சோறு நறுக்கரிசியாகிறது. தேங்காய்த் துருவலும் சிறிது நெய்யும் சேர்த்தால் மலையேறி வந்தவனின் பசியும் அடங்கும். பொட்டலத்து நூடுல்ஸ் விரைவில் வேகும், உண்மை. ஆனால் பசியும் அதே விரைவில் திரும்பி வரும், காகிதமும் காட்டில் கிடக்கும்.

மலைமேல் ஒன்றைக் கருத்தில் கொள்ளல் வேண்டும். கடல்மட்டத்தில் நீர் 100 பாகையில் கொதிக்கிறது. உதகையிலோ ஏறத்தாழ 93 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. எவ்வளவு எரித்தாலும் திறந்த பானை நீரின் சூடு அதற்குமேல் ஏறாது. ஆகவே அங்கே பருப்பு வேக நெடுநேரம் ஆகும். விறகைக் கூட்டுவதில் பயனில்லை. பருப்பை இன்னும் நேரம் ஊறவைப்பதே வழி. சமவெளியில் வேறு தொல்லை. ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்று அடுப்பின் வாயில் நேராகப் புகுந்தால் சுவாலை பானையை விட்டு வெளியே ஓடும். மூன்று கல் அடுப்பின் வாயைக் காற்றுக்குப் பக்கவாட்டில் திருப்பிவைத்தல் நலம்.

காப்புக்காட்டிலோ அடுப்பே கூடாது. அங்கே தீ மூட்டுவது சட்டப்படி குற்றம். 2018-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் தேனி மாவட்டத்துக் குரங்கணியில் மூண்ட காட்டுத்தீ, மலையேறச் சென்றோர் 20-க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. காய்ந்த மலைப்புல்லில் தீ எத்துணை விரைவாகப் பரவும் என்பதை அதனால் அறியலாம். வெள்ளியங்கிரி போன்ற மலைகளுக்குச் செல்வோர் விடியற்காலையில் அடிவாரத்திலேயே புளிச்சோறு கிளறி, கட்டுச்சோறாக எடுத்துச் செல்வதே தக்கது.

இனிப் பாத்திரம் துலக்கும் பணி ஒன்று எஞ்சி நிற்கிறது. அடுப்பில் ஏற்றுமுன் பானையின் வெளிப்புறத்தில் ஈரமண்ணைக் குழைத்துப் பூசிவைத்தால் கரி எளிதில் கழன்றுவிடும். ஆயினும் இப்பணி எப்போதும் அணியில் இளையவன் தலையிலேயே விழுகிறது. முதல் நாள் முறை அணித்தலைவனுக்கு உரியதாகட்டும். ஆசிரியர் ஒருவரும் உடன் அமர்ந்து துலக்கலாம்.